நர்ஸ் பரீட்சையும் தில்லித் தமிழர்களும்

ஆர்.கே.புரத்திலிருந்து எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போவது பெரிய காரியமல்ல. மெட்ரோவில் ஏறினால் ஐ.ஐ.டி., அடுத்து ஹவுஸ் காஸ். அங்கே வண்டி மாறினால் கிரீன் பார்க், அதற்கடுத்தது எய்ம்ஸ். மலை மந்திரில் சுவாமிநாதனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர் சீக்கிரமே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். ஆனால், இதே ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், அந்த ஆஸ்பத்திரிக்குள் நோயாளியைப் பார்க்க வந்தவளாக அல்லாமல் நர்ஸிங் ஆபீஸராக நுழைய வேண்டுமானால் கடக்க வேண்டிய தூரம் வேறு. வழியில் ஒரு பரீட்சை இருக்கிறது. அதற்கு எப்படித் தயார் செய்துகொள்வது என்பது அந்தப் பெண்ணும் அவள் பெற்றோரும் மட்டும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாக விடப்பட்டிருக்கிறது. அப்படி விடப்பட்டிருப்பது சரிதானா என்பதைத் தில்லித் தமிழர்கள் யோசிக்க வேண்டும்.

நாட்டிலுள்ள எய்ம்ஸ் நிலையங்களுக்கு நர்ஸ்களைத் தேர்ந்தெடுக்க 2020 முதல் ஒரே பொதுத் தேர்வு நடந்து வருகிறது. ‘நார்செட்’ என்பது அதற்கு வழங்கும் பெயர். நடத்துவது தில்லி எய்ம்ஸ். முதல் தேர்வு நடந்தது 2020 செப்டம்பரில், கொரோனாவின் கெடுபிடிக்கு நடுவில், 3,803 இடங்களுக்கு. அப்போது ஒரே மூச்சில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். 2023-ல் அதை இரண்டு கட்டமாக்கினார்கள். முதற் கட்டத்தில் 100 கேள்விகள், 90 நிமிஷம். அதில் தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டம்: 160 கேள்விகள், மூன்று மணி நேரம். நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு முடித்தவர்கள் நேராக எழுதலாம். டிப்ளமா படித்தவர்களுக்கு, 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு ஆண்டு வேலை பார்த்த அனுபவமும் வேண்டும்.

தேறியவர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஏழாவது சம்பளக் கமிஷன் அட்டவணையில் ஏழாம் நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.44,900. படிகள் தனி. இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழ்நாட்டில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். 2015-ல் அங்கே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸ்களைப் பரீட்சை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தது. வேலையில் சேர்ந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் கூடிப் போராடிய பிறகே பலருக்கு இந்த விஷயம் தெரிய வந்தது. பரீட்சையில் ஜெயித்தும் தொகுப்பூதியம் என்றால், தஞ்சாவூரிலோ தருமபுரியிலோ படித்த பெண் தில்லியை நோக்கிப் பார்ப்பதில் வியப்பில்லை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் பயணமும் மிச்சம். ஆனால், பக்கத்தில் இருப்பது கண்ணில் படுவதில்லை.

இது வேலை வாய்ப்புப் பிரச்னை மட்டுமல்ல. தலையில் அடிபட்டவரின் நினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதை அளக்க, ஆஸ்பத்திரிகளில் ‘கிளாஸ்கோ’ அளவுகோல் ஒன்று உண்டு. 1974-ல் வகுக்கப்பட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. பேச்சில் தெளிவாகப் பதில் சொன்னால் 5. குழம்பிப் பேசினால் 4. தொடர்பில்லாத சொற்களாக வந்தால் 3. நார்செட் எழுதும் எந்தப் பெண்ணுக்கும் இது தலைகீழ்ப் பாடம். ஆனால் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மாடிப் படியில் விழுந்த எழுபத்தைந்து வயதுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வருஷம் தில்லியில் இருந்தவர்தான். காய்கறிக் கடையில் பேசும் அளவுக்கு ஹிந்தியும் தெரியும். வலியும் பயமும் வந்தவுடன் வாயில் வருவது தமிழ் ஒன்றுதான். “நான் எங்கடி இருக்கேன், எம் பொண்ணு எங்கே?” என்று அவர் தெளிவாகவே கேட்கிறார். பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது உளறலாகப் படலாம். கேஸ் ஷீட்டில் ஐந்துக்குப் பதில் நான்கோ மூன்றோ விழலாம். அந்த ஓர் எண்ணைப் பார்த்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று டாக்டர் தீர்மானிக்கிறார். அந்த வார்டில் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் இருப்பது தில்லித் தமிழர் அத்தனை பேருக்கும் ஒரு பாதுகாப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். பீகாரிலிருந்தும் ஹரியாணாவிலிருந்தும் வரும் நோயாளிகள் போஜ்புரியும் ஹரியாண்வியும் பேசுவார்கள். தமிழ்ப் பெண் அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அதே தவறு இவள் கையாலும் நடக்கும். 2021 ஜூனில் தில்லி ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரியில், வேலை நேரத்தில் நர்ஸ்கள் ஹிந்தியும் ஆங்கிலமுமே பேச வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மலையாளம் பேசுவதைக் குறிப்பிட்டே வந்த அந்த உத்தரவு, எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே வாபஸ் ஆயிற்று. வாபஸ் ஆனது நியாயம். இரண்டு மலையாளிகள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பது நிர்வாகத்தின் கவலையாக இருக்கத் தேவையில்லை. ஆனால், நோயாளியோடு அவர் மொழியில் பேசத் தெரிவது தொழிலின் ஒரு பகுதி. தில்லியில் வேலை பார்க்க நினைக்கிற தமிழ்ப் பெண்ணுக்கு இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

இனி பரீட்சைக்கு வருவோம். முதற் கட்டத்தின் 100 கேள்விகளும் ஐந்து பகுதிகளாக இருக்கும். பகுதிக்கு 20 கேள்விகள், 18 நிமிஷம். நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும். திரும்பிப் போக முடியாது. கேள்விக்கு 54 விநாடி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். ‘தெரியாததைத் தொடாதே’ என்று சிலரும், ‘ஒன்றையும் விடாதே’ என்று சிலரும் பெண்களுக்கு உபதேசம் செய்கிறார்கள். இரண்டுமே கணக்குப் பார்க்காமல் சொல்வது. நான்கு விடைகளில் எதுவும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நாலு முறைக்கு ஒரு முறை ஒரு மதிப்பெண் வரும். மூன்று முறை மூன்றில் ஒன்றாகப் போகும். வரவும் செலவும் சரி. ஆனால் நான்கில் ஒன்று நிச்சயமாகத் தவறு என்று தெரிந்து, மீதி மூன்றில் ஒன்றைத் தொட்டால், சராசரியாகக் கேள்விக்கு ஒன்பதில் ஒரு பங்கு லாபம். இரண்டைத் தள்ள முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே அரைகுறையாகத் தெரிந்ததற்கும் மதிப்பு உண்டு. எது இல்லை என்று தெரிந்துகொள்வதும் படிப்புதான்.

ஆனால் இந்தச் சாமர்த்தியம் எல்லாம் முதற் கட்டத்தோடு சரி. இரண்டாம் கட்டத்தில் கேட்பது நோயாளிகளைப் பற்றி. இன்ன வயது, இன்ன குறை, நாடித் துடிப்பு இவ்வளவு, நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? நான்கு விடைகளும் செய்ய வேண்டியவையாகவே இருக்கும். எது முதல் என்பதுதான் கேள்வி. இங்கேதான் கைடுப் புத்தகம் மட்டும் படித்தவர்கள் தடுமாறுகிறார்கள்.

நர்ஸிங் பாடங்கள் தனித் தனிப் புத்தகங்களாக இருக்கின்றன. அடிப்படைப் பராமரிப்பு, மருத்துவமும் அறுவைச் சிகிச்சையும், பிள்ளைப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்று வரிசை. வருஷத்துக்கு ஒன்றிரண்டாகப் படித்து, எழுதி, மறந்துவிட்டுப் போகும்படி அமைந்திருக்கிறது. நோயாளி அப்படிப் பிரிந்து வருவதில்லை. சர்க்கரை நோயுள்ள ஒரு கர்ப்பிணியை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை என்பதால் மருத்துவப் பாடம். கர்ப்பிணி என்பதால் பிள்ளைப்பேறு. பிரசவம் ஆனவுடன் அவளுக்கு இன்சுலின் தேவை மளமளவென்று குறையும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை விழுந்து மயங்குவாள். குழந்தையோ, வயிற்றில் இருந்தபோது தாயின் ரத்தத்திலிருந்து வந்த அதிகச் சர்க்கரைக்கு ஈடாகத் தானே இன்சுலினைச் சுரந்து பழகியது. கொடியை வெட்டியதும் சர்க்கரை வரவு நிற்கும். சுரப்பு உடனே நிற்காது. ஆகவே பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தைக்கும் சர்க்கரை விழலாம். இது குழந்தை நலப் பாடம். தாய்க்குப் பின்னால் சர்க்கரை நோய் நிலைத்துவிடுமா என்று கவனித்து வருவது சமுதாய நலம். ஒரே கட்டிலில் நான்கு புத்தகங்கள். பயிற்சிக் காலத்தில் வார்டில் பார்க்கிற நோயாளியை, அன்று இரவே இப்படி எல்லாப் பாடங்களிலும் ஓட்டிப் பார்க்கிற பெண்ணுக்குப் பரீட்சைக்கென்று தனியாக ஒரு வருஷம் ஒதுக்க வேண்டியிருக்காது.

இன்சுலின் என்றதும் இன்னொன்று. அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வுக்கான கேள்வித் தொகுப்புகள் இப்போது தில்லியில் தாராளமாகப் புழங்குகின்றன. ‘எது முதல்’ என்று யோசிக்கப் பழகுவதற்கு அவை நல்லவைதான். ஆனால் அந்த நாட்டில் இன்சுலின் என்றால் ஒரு மில்லி லிட்டரில் 100 யூனிட். நம் நாட்டு வார்டுகளில் சாதாரணமாகப் புழங்கும் சிறு புட்டியில் 40 யூனிட். இரண்டுக்கும் ஊசிக் குழல் வேறு. மூடியின் நிறமும் வேறு. 40 யூனிட் புட்டியிலிருந்து, 100 யூனிட் குழலில், 40 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 16 யூனிட்தான். மாற்றிச் செய்தால் இரண்டரை மடங்கு போகும். இந்த வித்தியாசம் அமெரிக்கத் தொகுப்பில் அதன் முழுக் கனத்தோடு இருக்காது. சப்தர்ஜங்கிலோ, ராயப்பேட்டையிலோ இரவு டியூட்டியில் நிற்கிற பெண்ணுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சொட்டுக் கணக்கும் இப்படித்தான். ஓர் லிட்டர் திரவம் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? மில்லிக்கு 15 சொட்டு விழும் குழாய் என்றால் 31. 20 சொட்டுக் குழாய் என்றால் 42. குழந்தைகளுக்குப் போடும் 60 சொட்டுக் குழாய் என்றால் 125. சூத்திரத்தை மனப்பாடம் செய்த பெண் கேள்வியில் உள்ள குழாயைக் கவனிக்காமல் விடையைக் குறித்துவிடுவாள். வார்டில் குழாயின் உறையைப் புரட்டி எண்ணைப் பார்த்துப் பழகியவள் கேள்வியிலும் அதைத்தான் முதலில் தேடுவாள். தீக்காயக் கணக்கில் இன்னும் ஒரு பொறி உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு உடம்பில் 30 சதவிகிதம் தீக்காயம். வழக்கமான பார்க்லண்ட் சூத்திரப்படி 4-ஐ 60-ஆலும் 30-ஆலும் பெருக்கினால் 7,200 மில்லி. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். எந்த எட்டு மணி நேரம்? ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல, தீப்பட்டதிலிருந்து. இரண்டு மணி நேரம் கழித்து அவர் வந்து சேர்ந்தால் 3,600 மில்லிக்கு மிச்சம் இருப்பது ஆறு மணி. மணிக்கு 600 மில்லி. தில்லியின் போக்குவரத்தில் இரண்டு மணி நேரம் என்பது கற்பனையல்ல.

பிரசவ வார்டில், ஜன்னி கண்ட தாய்க்கு மக்னீசியம் சல்பேட் போடுகிறார்கள். அடுத்த ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா. ஏன் இந்த மூன்று? மருந்து வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாக. அது தேங்கினால் முதலில் அனிச்சை போகும். பிறகு மூச்சு போகும். முறிவு மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் கையருகில் இருக்க வேண்டும். இந்தக் காரணத் தொடரைத் தெரிந்துகொண்டவளுக்கு எண்கள் தாமாக நினைவில் நிற்கும். எண்களை மட்டும் உருப்போட்டவளுக்குப் பரீட்சை மண்டபத்தில் 16-ம் 30-ம் இடம் மாறும்.

மனநலப் பாடத்தைக் கடைசி வாரத்தில் புரட்டிக்கொள்ளலாம் என்று ஒதுக்குவது ஒரு பொதுவான வழக்கம். லித்தியம் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் அதன் அளவு 0.6-லிருந்து 1.2 வரை இருக்கலாம், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. தில்லியின் மே மாத வெயிலில் வியர்த்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து, உப்பும் நீரும் குறைந்தால் அதே மாத்திரையே அளவை ஏற்றிவிடும். கை நடுக்கத்தோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் மனநல வார்டைச் சேர்ந்தவரா, மருத்துவ வார்டைச் சேர்ந்தவரா? ஒதுக்கி வைத்த பாடம் வேறு பெயரில் வந்து நிற்கிறது.

அடுத்தது, பழைய கைடுகள் செய்யும் கெடுதல். அக்காள் வாங்கியதைத் தங்கை படிப்பது தமிழ்க் குடும்பங்களில் சிக்கனத்தின் அடையாளம். கணக்குப் புத்தகத்துக்கு அது பொருந்தும். நர்ஸிங் கைடுக்குப் பொருந்தாது. நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்தும் வேகம் ‘நிமிஷத்துக்குக் குறைந்தது 100’ என்று 2010-ல் இருந்தது. 2015-ல் ‘100 முதல் 120 வரை’ என்று மாறிற்று. பிரசவ வலியின் தீவிரக் கட்டம் கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததும் தொடங்குவதாகப் பழைய வரைபடத்தில் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில் அது 5 சென்டிமீட்டர். காசநோய்க்கு முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்து, வாரத்துக்கு மூன்று நாள் மருந்து கொடுத்த காலம் போய், தினசரி மருந்து முறை 2017-ல் நாடு முழுவதும் வந்தது. திட்டத்தின் பெயரே 2020-ல் மாறியது. மூவகை போலியோ சொட்டு மருந்து 2016 ஏப்ரலில் நின்று இருவகையாயிற்று. மனநலச் சட்டம் 1987-ன் இடத்தில் 2017-ன் சட்டம் வந்துவிட்டது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் அடர்த்தியே 311-லிருந்து 245-ஆகக் குறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. இன்னும் 311 அச்சிட்ட கைடுகள் நடைபாதைக் கடைகளில் கிடைக்கும். முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததில் பத்து மதிப்பெண் போய், வேலையும் போகலாம். பார்க் எழுதிய சமுதாய மருத்துவ நூல் அடிக்கடி புதிய பதிப்புக் காண்பது வியாபாரத்துக்காக மட்டுமல்ல. விலை அதிகம்தான். ஒவ்வொரு வீட்டிலும் வாங்க வேண்டியதில்லை. ஒரு பொது இடத்தில் ஒரு பிரதி போதும்.

எய்ம்ஸ் ஒன்றே கதி என்றும் இல்லை. சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா போன்ற மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் அண்மை ஆண்டுகளில் நார்செட் வழியாக நர்ஸ்களை எடுத்திருக்கின்றன. தில்லி அரசின் ஆஸ்பத்திரிகளுக்கு வழி வேறு. அதற்குத் தில்லி சார்நிலைப் பணிகள் தேர்வு வாரியத்தின் பரீட்சை. அதன் 200 மதிப்பெண்ணில் பாதிதான் நர்ஸிங். மற்ற பாதியில் பொது அறிவு, தர்க்கம், கணக்கு, ஆங்கிலம், ஹிந்தி ஆகியவற்றுக்குத் தலா 20. இந்த ஹிந்தி இருபதுதான் தமிழ்நாட்டில் படித்துவிட்டு வரும் பெண்ணைக் கவிழ்ப்பது. ஆர்.கே.புரத்தில் வளர்ந்த பெண்ணுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. பள்ளியில் படித்த இலக்கணம் ஒரு மாதம் புரட்டினால் திரும்பி வந்துவிடும். தில்லித் தமிழ்ப் பெண்ணுக்கு இயற்கையாகவே உள்ள அனுகூலம் இது. ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு நர்ஸிங்கில் தேர்ச்சி, இங்கே வளர்ந்தவளுக்கு ஹிந்தியில் தேர்ச்சி. இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் இருவருக்கும் லாபம்.

அப்படி உட்காருவதைத் தமிழர்களைவிட மற்றவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேரளத்துப் பெண்கள் தில்லிக்கு வந்தால் மூத்த நர்ஸின் அறையில் இளையவளுக்கு ஒரு பாய் நிச்சயம். விண்ணப்பம் எப்போது வரும், எந்தச் சான்றிதழை எங்கே பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். ஜெய்ப்பூரில் நர்ஸ் பரீட்சைப் பயிற்சி ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. தில்லித் தமிழர்களிடம் இரண்டும் இல்லை. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்காக இந்தக் காலனி எழும்பிய நாளிலிருந்து, இங்கே குடிவந்த குடும்பங்களின் ஆசை, பெண் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்து ஒரு அமைச்சகத்தில் நுழைவது. பிறகு பாங்கு, அதற்குப் பின் கம்ப்யூட்டர். நர்ஸ் வேலை என்றால் ‘ராத்திரி டியூட்டியா?’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். அதே வீட்டில் பெரியவர் படுத்துக்கொண்டால், ராத்திரி டியூட்டியில் நல்ல நர்ஸ் இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். இந்த முரண்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் தில்லித் தமிழர் என்றால் குவார்ட்டர்ஸ்காரர்கள் மட்டும் அல்லர். ஜங்புராவில் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தகுதி பெற்றதாகக் கண்ட குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கியது நகரின் மறுகோடியில், நரேலாவில். வீட்டு வேலை செய்து பிழைக்கும் தாய்மார்களின் பெண்கள் அங்கேயும் இருக்கிறார்கள். பத்துப் பாத்திரம் தேய்த்த கையின் மகள் ஒரே தலைமுறையில் நிரந்தரச் சம்பளத்துக்கு வர, நர்ஸ் படிப்பைப் போல நேரான வழிகள் அதிகம் கிடையாது. பயிற்சி நிலையத்துக்குக் கட்டப் பணம் இல்லாதவர்களும் அவர்கள்தான்.

1946 என்ற ஆண்டை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருத்தம். பூர் கமிட்டி அந்த ஆண்டு கொடுத்த அறிக்கையில், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த நர்ஸ்கள் சுமார் 7,000 பேர், அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர் என்று கணக்கிட்டது. அதே ஆண்டில் நாட்டில் முதல்முறையாக நர்ஸிங் பட்டப் படிப்பு இரண்டே இடங்களில் தொடங்கியது. ஒன்று வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. அங்கே ஐடா ஸ்கடரின் ஆஸ்பத்திரியில் 1909 முதலே நர்ஸ் பயிற்சி உண்டு. மற்றொன்று இந்தத் தில்லியில், இன்று ராஜ்குமாரி அம்ருத் கௌர் பெயரில் விளங்கும் கல்லூரி. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பள்ளி இவற்றுக்கெல்லாம் முந்தியது, 1871. நர்ஸ்களைப் பதிவு செய்ய நாட்டிலேயே முதலில் சட்டம் இயற்றியதும் சென்னை மாகாணம்தான், 1926-ல். ஆக, இந்தத் தொழிலில் தமிழ்நாடு பின்தங்கிய பிரதேசம் அல்ல. தில்லித் தமிழ்ச் சங்கம் பிறந்ததும் அதே 1946-ல் என்பது தற்செயலான ஒற்றுமை. அதன் கட்டிடம் இருப்பது ஆர்.கே.புரம் ஐந்தாவது செக்டாரில். 1923-ல் வேர்விட்ட தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றும் ஆர்.கே.புரத்தில் இருக்கிறது. கிரீன் பார்க்கில், எய்ம்ஸ் போகும் வழியிலேயே, இந்தியப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. வேண்டியவை எல்லாம் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. சேர்த்துவைப்பார் வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய திட்டமல்ல. ஞாயிற்றுக் கிழமைகளில் மூன்று மணி நேரத்துக்கு ஓர் அறை. அது சங்கத்தில் கிடைத்தாலும் சரி, பள்ளியில் கிடைத்தாலும் சரி. அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள், 18 நிமிஷத்தில் மூடிக்கொள்ளும் மாதிரித் தேர்வுக்காக. நூலக அலமாரியில் ஒரு தட்டு. அதில் நடப்புப் பதிப்புகள் மட்டும். பழையதை யாராவது நன்கொடையாகக் கொண்டுவந்தால் நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நரேலாவிலிருந்து வரும் பெண்களுக்குப் பஸ், மெட்ரோ செலவு. பாடம் சொல்ல, தில்லி ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற தமிழ் நர்ஸ்களை அழைக்க வேண்டும். அவர்களுக்கு நார்செட்டின் கம்ப்யூட்டர் முறை பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆனால் எந்த நோயாளியை முதலில் பார்ப்பது என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அண்மையில் தேறி வேலையில் சேர்ந்த இளைய நர்ஸ் ஒருவர், டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் வந்து பரீட்சை முறையைச் சொல்லிக்கொடுக்கலாம். ஹிந்தி இருபதுக்குப் பள்ளி ஆசிரியர் ஒருவர் போதும்.

சங்கம் இலக்கியத்துக்கும் கலைக்கும் ஏற்பட்டது, பரீட்சைக்கு அல்ல என்று ஓர் ஆட்சேபம் வரலாம். ஞாயிறு காலையில் ஓர் அறையைத் திறந்துவிடுவதால் இலக்கியத்துக்கு ஒரு நஷ்டமும் வராது. எத்தனை பெண்கள் வருவார்கள் என்ற சந்தேகம் அதைவிட நியாயமானது. முதல் ஞாயிறு நாலு பேர் வரலாம். நார்செட் அறிவிப்பு வருஷத்துக்கு இரண்டு முறை வருவதாக இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் அந்த நாலு பேருக்கும் நேரம் போதாது. ஆகவே அடுத்த அறிவிப்புக்குக் காத்திராமல், அறையையும் ஆசிரியர்களையும் முடிவு செய்து, மலை மந்திர் அறிவிப்புப் பலகையிலும் தமிழ்ப் பள்ளிகளின் வாசல்களிலும், நரேலாவில் புதிதாகக் குடியேறியவர்களின் படிக்கட்டுகளிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். அதில் நேரம், இடம், யாரைக் கேட்க வேண்டும் என்ற விவரம், கட்டணம் கிடையாது என்ற சேதி, இந்த நான்கும் தமிழிலும் ஹிந்தியிலும் இருந்தால் போதும்.